சமநிலை வகுப்போருக்கு ஒரு மடல்



கணினியிலும் கைப்பேசியிலும் ஆடும் விளையாட்டுகளை ஆக்கி, ஆக்கிய பின்னரும் அவற்றைக் கைவிடாமல், இந்தத் துப்பாக்கியின் வேகத்தைச் சற்றே குறைத்தும் அந்த வீரனின் கவசத்தைச் சற்றே கூட்டியும், இரண்டு வாரத்துக்கொரு தடவையோ இரண்டு மாதத்துக்கொரு தடவையோ திருத்தப் பட்டியல் ஒன்றை வெளியிட்டுக்கொண்டே இருக்கும் உங்களுக்கு, அந்தப் பட்டியல்களை ஆட்டத்தைக் காட்டிலும் அதிகச் சிரத்தையோடு படிக்கும் பழக்கமுள்ள ஒருவன் எழுதிக்கொள்வது. ஸ்டாக்ஹோமிலும் கலிபோர்னியாவிலும் சியோல் நகரத்திலும் இருக்கும் உங்களுக்குத் தமிழில் எழுதுவானேன் என்று யாரேனும் கேட்கக்கூடும். உங்கள் அலுவலகங்களில் தமிழ் தெரிந்தவர் ஒருவராவது இல்லாமலா போவார் என்ற துணிச்சல்தான் காரணம்.

எதைக் குறைக்க வேண்டும், எதைக் கூட்ட வேண்டும் என்று சொல்ல நான் வரவில்லை. அது உங்கள் தொழில், அதில் தலையிட எனக்கு யோக்கியதை கிடையாது. குறைத்ததையும் கூட்டியதையும் எங்களிடம் எப்போது, எம்முறையில் தெரிவிக்கிறீர்கள் என்பதைப் பற்றியதே என் விண்ணப்பம். மாற்றத்தைச் செய்து முடித்த பிறகு அதற்குக் காரணம் சொல்வதில் நீங்கள் எவ்வளவோ தேர்ச்சி அடைந்திருக்கிறீர்கள். ஆனால் செய்த பின் சொல்லும் காரணம், அது எத்துணை மெய்யாக இருப்பினும், கேட்பவன் காதில் சமாதானமாகவே விழுகிறது. எந்த அளவைத் தாண்டினால் ஓர் ஆயுதம் குறைக்கப்படும், எந்த அளவுக்குக் கீழே இறங்கினால் அது கைதூக்கி விடப்படும் என்பதை முன்கூட்டியே பிரகடனம் செய்துவிட்டு, பிறகு அந்த அளவுக்கு நீங்களும் கட்டுப்பட்டு நடப்பீர்களானால், இன்று நடக்கும் சச்சரவில் பெரும்பகுதி எழவே எழாது என்பது என் அபிப்பிராயம்.

ஓர் எண் மாறுவதால் ஆட்டக்காரனுக்கு என்ன நேர்கிறது என்பதை முதலில் பார்ப்போம். 2013 ஜூலையில், 'கால் ஆஃப் டூட்டி: பிளாக் ஆப்ஸ் 2' என்னும் ஆட்டத்தில், டி.எஸ்.ஆர். 50 என்ற ஸ்னைப்பர் துப்பாக்கியின் சுடும் வேகத்தைக் குறிக்கும் எண் 0.2 விநாடியிலிருந்து 0.4 விநாடியாக மாற்றப்பட்டது. அந்த ஆட்டத்தை ஆடாதவருக்கு இது நகைப்புக்கு இடமான சங்கதி. விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு, இமை கொட்டுவதற்குள் போய்விடும் காலம். ஆனால் அந்தத் துப்பாக்கியையே நம்பி மாதக்கணக்கில் பயின்றவனுடைய விரல், முதல் குண்டு தவறினால் அடுத்த குண்டு எப்போது கிளம்பும் என்பதை அறிவின் உதவி இல்லாமலே கற்று வைத்திருக்கிறது. சுவரின் மறைவிலிருந்து எவ்வளவு தூரம் வெளியே தலைகாட்டலாம், எதிரி திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடி ஒதுங்கிவிட முடியுமா என்ற கணக்குகளெல்லாம் அந்த ஓர் எண்ணின் மீது எழுப்பப்பட்டவை. எண்ணை மாற்றியபோது ஆயுதம் மட்டுமா மாறிற்று? அவனுடைய அப்பியாசத்தில் ஒரு பகுதி ஒரே இரவில் பயனற்றுப் போயிற்று.

அந்தத் திருத்தம் வெளியான பிறகு, ஆட்டத்தின் வடிவமைப்புத் தலைவரான டேவிட் வாண்டர்ஹாருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அதற்கு எவ்வித நியாயமும் கிடையாது. பட்ட பிரயாசை வீணான துக்கம் வேறு; ஒரு மனிதனைக் கொல்வேன் என்று எழுதுவது வேறு. ஆயினும் இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, ஆட்டக்காரர்களே இப்படித்தான் என்று ஒதுக்கிவிடும் மனோபாவம் உங்களுக்குள் சிலரிடம் வளர்ந்து வருவதைக் காண்கிறேன். மிரட்டுகிறவன் ஒருவன் இருக்கிறான் என்பதற்காக, விரல் பயின்ற நூறு பேர் கேட்கும் கேள்வியைக் கேளாமல் விடுவது முறையாகாது.

பழைய விளையாட்டுகளிலும் இத்தகைய மாற்றங்கள் நடந்தே வந்திருக்கின்றன. சதுரங்கத்தில் மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம் நகரத் தெரிந்த மந்திரி, பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில், எட்டுத் திசையிலும் எத்தனை கட்டமானாலும் பாயும் ராணியாக உயர்ந்ததைக் காட்டிலும் பெரிய 'பஃப்', அதாவது வலுவூட்டல், எந்த ஆட்டத்திலாவது நடந்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் அதைச் செய்தவர் இன்னார் என்று விரல் நீட்ட ஒருவரும் இல்லை. பிடிக்காதவர் பழைய முறையிலேயே ஆடிக்கொண்டிருக்கத் தடையும் இல்லை, ஏனெனில் பலகையும் காய்களும் அவருடைய சொத்து. ஜப்பானியர் போற்றும் 'கோ' ஆட்டத்தில் முதற்காய் வைக்கும் கருப்புக்கு இயல்பாகவே ஓர் ஆதாயம் உண்டு. அதை ஈடுகட்ட வெள்ளைக்குச் சில புள்ளிகள் கொடுப்பது வழக்கம். அந்நாட்டின் நிஹோன் கி-இன் என்னும் சங்கம் 2002இல் அந்த ஈட்டை 5.5 புள்ளியிலிருந்து 6.5 புள்ளியாக உயர்த்தியது. போட்டிகளில் கருப்பே கூடுதலாக வென்று வருவது பல ஆண்டுப் பதிவுகளில் தெரிந்ததுதான் அதற்குக் காரணம். இரு பக்கமும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி வெல்ல வேண்டும் என்ற அளவுகோல் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தபடியால், அந்தத் திருத்தத்தை எவரும் சதியென்று நினைக்கவில்லை. ஐயமுள்ளவர் பதிவுகளை எடுத்துத் தாமே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் விஷயமோ முற்றிலும் வேறு. காசு கொடுத்து வாங்கிய ஆட்டம், உறங்கி எழுவதற்குள் தானாகவே இறங்கித் தானாகவே மாறிவிடுகிறது. நேற்றைய ஆட்டத்தை இன்று ஆட வேண்டுமென்றால் அதற்கு வழி கிடையாது. கோடிக்கணக்கான ஆட்டங்களின் பதிவுகளும் உங்கள் இயந்திரங்களுக்குள்ளே அடங்கிக் கிடக்கின்றன. சட்டம் இயற்றுவதும், அதை நடத்துவதும், சாட்சியத்தைக் கையில் வைத்திருப்பதும் ஒரே ஸ்தாபனம் என்ற நிலை சதுரங்கக்காரருக்கு ஒருபோதும் நேர்ந்ததில்லை. ஆகையால் அவர்களுக்கு இல்லாத ஒரு கடமை உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பேசாமலே இருந்துவிட்டால் என்ன என்று கேட்பீர்களானால், அதற்கும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1998இல் பிளிஸார்ட் வெளியிட்ட 'ஸ்டார்கிராஃப்ட்' ஆட்டமும், அவ்வாண்டின் கடைசியில் வந்த அதன் 'புரூட் வார்' விரிவும், 2001இல் வந்த 1.08 என்னும் திருத்தத்தோடு சமநிலை மாற்றங்களை நிறுத்திக்கொண்டன. அதன் பிறகு கொரியாவில் தொலைக்காட்சியில் காட்டும் அளவுக்கு அந்த ஆட்டம் வளர்ந்தபோது, மூன்று இனங்களுள் ஒன்றின் கை ஓங்கினால் அதைச் சரிக்கட்டும் பொறுப்பை, கனிமங்களை இங்கே நகர்த்தியும் கணவாயை அங்கே குறுக்கியும், வரைபடம் அமைப்போரே ஏற்று நடத்தினார்கள். இனி மாறாது என்பது ஒருவகையில் மிகத் தெளிவான அறிவிப்பு. அதை நம்பி ஒருவன் தன் இளமையையே அந்த ஆட்டத்தில் செலவிடலாம், சிலர் செலவிட்டும் இருக்கிறார்கள். ஆனால் பதினைந்து நாளைக்கு ஒரு முறை எண்களை அசைக்கும் உங்களுக்கு அந்த மௌனத்தின் கௌரவம் கிட்டாது. மாற்றிக்கொண்டே மௌனமாய் இருப்பது வேறு குணம். 2019 அக்டோபரில் இரண்டாம் அத்தியாயம் தொடங்கியபோது விரிவான திருத்தப் பட்டியலை 'ஃபோர்ட்நைட்' நிறுத்திக்கொண்டது, எதற்கென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சொல்லாமல் மாற்றுவதன் விளைவை 2017 நவம்பரில் 'டெஸ்டினி 2' ஆட்டக்காரர்கள் கண்டார்கள். சில காரியங்களைத் திரும்பத் திரும்பச் செய்தால், திரையில் ஓர் எண்ணைக் காட்டிவிட்டு உள்ளே அதைவிடக் குறைவான அனுபவப் புள்ளிகளையே வரவு வைக்கிறது ஆட்டம் என்பதை அவர்கள் தாமே அளந்து கண்டுபிடித்தனர். ஆக்கிய பஞ்ஜி நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. அறிவித்த கையோடு, ஒரு பரிசுக்கு வேண்டிய புள்ளிகள் 80,000 என்றிருந்தது 160,000 என்று சத்தமில்லாமல் இரட்டிப்பாகியிருந்ததையும் ஆட்டக்காரர்களே பார்த்துச் சொன்னார்கள். நெல் அளக்கும் வியாபாரி படியின் அடித்தட்டை உட்புறமாகத் தட்டி வைத்திருப்பதைக் கண்டுபிடித்த ஊரார், அவன் அதை நிமிர்த்திக் காட்டிய பிறகும், அடுத்த தடவை நெல் வாங்கப் போகையில் சொந்தப் படியைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் போவார்கள். அந்த ஆட்டக்காரர்களும் அப்படித்தான் ஆனார்கள். ஆட்டத்தை ஆடுவதை விட்டுவிட்டு, கடிகாரமும் கணக்கு ஏடுமாக உட்கார்ந்துவிட்ட ஜனங்களை மறுபடி விளையாட அழைப்பது எளிதன்று.

இதற்கு மாறாக, சொல்லும் முறையாலேயே காரியம் கைகூடிய ஒரு நிகழ்ச்சியையும் எடுத்துச் சொல்ல வேண்டும். 2004இல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' சோதனையில் இருந்தபோது, நெடுநேரம் ஆடுகிறவர்களுக்கு அனுபவப் புள்ளிகள் பாதியாகக் குறையும்படி ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள்; ஓய்வெடுத்துக்கொண்டு வரட்டும் என்ற நல்லெண்ணந்தான். அதை ஆடியவர்கள் அபராதமாகக் கருதிச் சீறினார்கள். உடனே ஆக்கியவர்கள் என்ன செய்தார்கள் என்றால், எல்லா எண்களையும் இரட்டிப்பாக்கி, ஓய்வெடுத்து வந்தவனுக்கு 200 சதவீதம், நெடுநேரம் ஆடுபவனுக்கு வழக்கமான 100 சதவீதம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். கணக்கு ஏறத்தாழ அதேதான். அபராதம் சன்மானமாயிற்று, ஜனங்களும் திருப்தி அடைந்தார்கள். இக்கதையை உங்கள் தொழிலில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஏதோ மந்திரம்போலச் சொல்லித் தருகிறார்கள் என்று அறிகிறேன். எனக்கு அதில் கொஞ்சம் கவலை உண்டு. அங்கே எண்கள் இரண்டும் திரையில் பகிரங்கமாக இருந்தன, ஆட்டமோ இன்னும் கடைக்கே வரவில்லை. இதைப் பார்த்து, 'நெர்ஃப்' எனப்படும் குறைப்பு எல்லாவற்றையும் சொற்சாதுரியத்தால் பஃப் ஆக்கிவிடலாம் என்று நினைப்பவர் இரண்டாவது பட்டியலிலேயே அகப்பட்டுக்கொள்வார்.

இனி, இந்த விஷயத்தில் அண்மையில் நடந்தவற்றுள் எனக்கு மிகவும் பாடமாக அமைந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல அனுமதிக்க வேண்டும். ஸ்டாக்ஹோமில் உள்ள ஆரோஹெட் நிறுவனத்தார் ஆக்கி, சோனி வெளியிட்ட 'ஹெல்டைவர்ஸ் 2' என்னும் ஆட்டம் 2024 பிப்ரவரி 8ஆம் தேதி வந்தது. நண்பர் நால்வர் சேர்ந்து, ராட்சதப் பூச்சிகளையும் இயந்திர மனிதர்களையும் எதிர்த்துப் போராடும் கூட்டாட்டம் அது. முதல் பன்னிரண்டு வாரங்களில் 1 கோடியே 20 லட்சம் பிரதிகள் விற்றன என்றால் அதன் செல்வாக்கைத் தெரிந்துகொள்ளலாம். மார்ச் முதல் வாரத்தில் வந்த திருத்தத்தில், எல்லோரும் விரும்பி எடுத்துச் சென்ற ரெயில்கன் என்னும் ஆயுதத்தின் கவசம் துளைக்கும் ஆற்றலைக் குறைத்தார்கள். பிரேக்கர் என்னும் துப்பாக்கியின் தோட்டாக்களை 16இலிருந்து 13 ஆக்கினார்கள். மூன்றே தோட்டாக்கள்! ஆனால் பூச்சிக் கூட்டத்தின் நடுவே நின்று, கடைசித் தோட்டா தீர்ந்து மறுபடி குண்டேற்றிக்கொண்டிருக்கும்போது, அந்த மூன்று தோட்டாக்களின் அருமை எவனுக்கும் தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடும் ஆட்டமானால், என் ஆயுதம் மிதமிஞ்சி வலுத்திருப்பது எதிரே நிற்கும் இன்னொரு மனிதனுக்கு அநீதி. குறைப்பதற்கு வேறு காரணமே தேவையில்லை. எதிரே நிற்பது பூச்சியென்றால், அநீதி யாருக்கு? பூச்சியா புகார் செய்யும்? குறைப்பதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. எல்லோரும் ஒரே ஆயுதத்தையே தூக்கிக்கொண்டு திரிந்தால் மற்ற ஆயுதங்கள் துருப்பிடித்துப் போகும். கஷ்டமே இல்லாத இடத்தில் வெற்றிக்கு ருசி இராது. ஆனால் இவை நீதியின் காரணங்கள் அல்ல, ரசனையின் காரணங்கள். நீதி எதுவென்று சொல்லாமலே விளங்கும். உங்கள் ரசனை இன்னதென்று நீங்கள் வாய்திறந்து சொன்னாலொழிய எங்களுக்கு எப்படித் தெரியும்? ஆரோஹெட் நிறுவனத்தார் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஏதோ ஒரு விளக்கம் கொடுத்துத்தான் வந்தார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் அளவுகோல் எது என்பது மட்டும் கடைசிவரை புகைமூட்டமாகவே இருந்தது.

அந்தப் புகை ஆகஸ்ட் 6ஆம் தேதி நெருப்பாயிற்று. அன்று வந்த பெருந்திருத்தத்தில், தீப்பிழம்பு வீசும் ஆயுதத்தின் தன்மையை மாற்றிவிட்டார்கள். அதற்கு முன் அந்த நெருப்பு உடலை ஊடுருவிச் செல்லும். சார்ஜர் என்ற கவசப் பிராணி முட்ட வரும்போது, சற்று விலகி அதன் காலில் நெருப்பைப் பிடித்துக்கொண்டே இருந்தால் சிறிது நேரத்தில் சாய்ந்துவிடும். மாற்றத்துக்குப் பிறகு நெருப்பு கவசத்தின் மேற்பரப்பில் பட்டுத் தெறித்தது. இரண்டு நாள் கழித்து, 8ஆம் தேதி, நெருப்பாயுதங்களையே மையமாகக் கொண்ட ஒரு தொகுப்பு விற்பனைக்கு வந்தது. இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவரும் யோசிக்கவில்லையா என்று எனக்கு இன்றும் வியப்புத்தான். வேண்டுமென்றே செய்திருக்க மாட்டார்கள்; நெருப்பை அணைத்துவிட்டு நெருப்பை விற்கத் துணியும் வியாபாரி உலகத்தில் இல்லை. ஆனால் அளவுகோல் தெரியாத ஜனங்கள் தேதிகளைக் கொண்டுதான் நோக்கத்தை ஊகிப்பார்கள்.

பிறகு அந்த நிறுவனத்தார் செய்த காரியத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆட்ட இயக்குநரான மிகேல் எரிக்ஸன், அந்தத் திருத்தம் குறி தவறிவிட்டது என்று வெளிப்படையாக ஒத்துக்கொண்டு, 60 நாட்களுக்குள் இன்னின்ன செய்வோம் என்று ஓர் அறிக்கை வெளியிட்டார். சமநிலையைச் சமநிலைக்காகவே நாடாமல் ஆட்டத்தின் இன்பத்தை முன்வைத்து மறுபரிசீலனை செய்வது, நெருப்பின் தன்மையைத் திருத்துவது, விருப்பமுள்ள ஆட்டக்காரர்களை முன்கூட்டியே சோதித்துப் பார்க்கச் செய்வது, அவர்களுடைய கருத்தை ஒழுங்காகக் கேட்டறிவது என்பவை அதில் இருந்தன. செப்டம்பர் 17ஆம் தேதி வந்த திருத்தத்தில் நெருப்பு பழைய வலிமையைப் பெற்றது. ரெயில்கன் உள்ளிட்ட பல ஆயுதங்கள் தலைநிமிர்ந்தன. அதைக் கண்டு ஆட்டக்காரர்கள் மனமிளகினார்கள். மன்னிப்புக் கேட்டதால் இளகினார்கள் என்று பலர் எழுதினார்கள். நான் அப்படி எண்ணவில்லை. மன்னிப்பை எந்த நிறுவனமும் கேட்கும். 60 என்ற எண்ணைத் தம் கழுத்தில் தாமே கட்டிக்கொண்டதுதான் அங்கே புதிது. நாள்காட்டியில் விரல் வைத்து எண்ணக்கூடிய ஒன்றை ஆட்டக்காரன் கையில் கொடுத்தார்கள். முதன்முறையாக, அவர்களை அளக்க அவனிடமும் ஒரு கோல் இருந்தது.

நாட்களுக்கு அளவு சொன்னது போல, வலிமைக்கும் அளவு சொல்ல முடியுமா என்று ஐயுறுவோருக்கு ரயட் நிறுவனத்தாரின் முயற்சியைச் சுட்டுவேன். 'லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்' ஆட்டத்தில் இன்று 160க்கு மேற்பட்ட வீரபாத்திரங்கள் உள்ளன. ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒரு திருத்தம் வருகிறது. 2019இல் அவர்கள் தங்கள் அளவுகோலை எழுதி வெளியிட்டார்கள். ஆடுவோரைச் சாதாரணர், தேர்ந்தவர், உச்சநிலையில் உள்ளோர், தொழில்முறை ஆட்டக்காரர் என்று நான்காகப் பிரித்து, ஒரு பாத்திரம் இந்நால்வகையில் ஏதேனும் ஒன்றில் வரம்பு மீறி வலுத்திருந்தாலும் குறைக்கப்படும் என்றும், நான்கிலுமே நலிந்திருந்தால்தான் நலிந்ததாகக் கொள்ளப்படும் என்றும் சொன்னார்கள். வெற்றி விகிதத்துக்கு ஒரு கோடு போட்டதோடு நில்லாமல், ஆட்டம் தொடங்குமுன் எதிரணியார் அந்தப் பாத்திரத்தை விலக்கி வைக்கும் தடவைகள் கூடக்கூட அந்தக் கோடு தாழ்ந்து வரும் என்றும் வகுத்தார்கள். வெல்வது மட்டுமல்ல, வெறுக்கப்படுவதும் கணக்கில் சேரும் என்பது இதன் கருத்து. மிகுந்த நுட்பமுள்ள ஏற்பாடு.

இதனால் அங்கே சண்டையே இல்லாமற் போய்விட்டது என்று சொல்ல வரவில்லை. மணல் வீரர்களை ஏவிப் போர்செய்யும் அஸீர் என்னும் சக்கரவர்த்தி, பல பருவங்களாகச் சாதாரண ஆட்டக்காரர் கையில் தோற்றுக்கொண்டும் தொழில்முறையார் கையில் மின்னிக்கொண்டும் இருக்கும் பாத்திரம். வீட்டில் உட்கார்ந்து அவனை ஆடித் தோற்கிறவனுக்கு, அவனை இன்னும் குறைத்துவிட்டார்கள் என்ற செய்தி வெந்த புண்ணில் வேல்தான். ஆனால் அவன் கோபம் வேறு வகையான கோபம். என்னைக் கவனிக்கவில்லையே என்று அவன் கேட்க முடியாது. நால்வகையில் ஒரு வகையால் இது நேர்ந்தது என்று அவனுக்குத் தெரியும். விதியே தவறு, தொழில்முறையாருக்கு இத்தனை முக்கியத்துவம் தரலாகாது என்று வேண்டுமானால் வாதாடலாம். வாதாடட்டும், அது மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளக்கூடிய விஷயம். உள்நோக்கத்தைப் பற்றிய சந்தேகத்தோடு எவராலும் வாதாட முடியாது.

அளவுகோலை வெளியிடுவதால் உங்களுக்கும் ஒரு க்ஷேமம் உண்டு. அதை நீங்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. 'டோட்டா 2'வின் சமநிலையை நெடுங்காலம் வகுத்து வந்தவர் ஐஸ்ஃபிராக் என்ற புனைபெயருக்குள் ஒளிந்துகொண்டவர். தாம் யார் என்று அவர் பகிரங்கமாகச் சொன்னதே இல்லை. வாண்டர்ஹாரோ சொந்தப் பெயரில் பேசியவர். அவருக்கு நேர்ந்ததை மேலே சொன்னேன். ஆரோஹெட் நிறுவனத்தின் தலைவராயிருந்த யோஹான் பிலெஸ்டெட், 2024 மேயில் நிர்வாகப் பதவியையே இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஆட்டத்துக்கும் ஆடுவோருக்கும் அருகில் இருக்க வேண்டுமென்று படைப்புப் பொறுப்புக்கு வந்தார். ஒளிந்துகொள்வதா, முன்வந்து நிற்பதா என்று உங்களில் ஒவ்வொருவரும் தவிப்பது இயற்கை. ஆனால் மனிதன் சொன்னான் என்று வரும்போதுதான் மனிதன்மேல் கோபம் திரும்புகிறது. கோடு ஏற்கெனவே போடப்பட்டு, அதைத் தாண்டியது இன்னதென்று பட்டியல் சொல்லுமானால், அதன் கீழே யார் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இராது. வசை ஒழியாது, ஆனாலும் குறையும்.

எண்களுக்கு அப்பால் நோக்கம் என்று ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை. என் தமக்கை மகன் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' ஆடுபவன். 2022 ஏப்ரலில் அந்த ஆட்டத்துக்கு இந்திய அரசுகளைப் பற்றிய விரிவு ஒன்று வந்தபோது, ராஜேந்திர சோழன் படையெடுப்பையும் திராவிடர் என்ற புதிய இனத்தையும் கண்டு எங்கள் வீட்டில் ஒரே குதூகலம். காலம் மாறுந்தோறும் 200 மரக்கட்டை இனாம், கவசத்தைப் பொருட்படுத்தாத உருக்கு வாள், கடலில் கம்பீரமான மரக்கலம், எல்லாம் இருந்தன. திறந்த வெளியில் பெரும்படை நடத்தக் கைகொடுக்கும் நைட் என்னும் கனத்த குதிரை வீரன் மட்டும் இல்லை. சில நாளில் பையன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். "மாமா, தண்ணியில விட்டா நம்ம ஆளுங்களை அடிக்க ஆளே இல்ல, தரையில விட்டா நின்னு தாங்க மாட்டேங்கிறாங்க. தெரிஞ்சுதான் இப்படி வெச்சாங்களா, இல்ல கவனிக்காம விட்டுட்டாங்களா?" பின்னர் வந்த திருத்தங்களில் அந்த இனத்துக்குச் சில சலுகைகள் கிடைத்தன. ஆனால் பையனின் கேள்வி சலுகையைப் பற்றியதன்று. கடலில் வலியராகவும் தரையில் எளியராகவும் இருப்பது அவர்களுக்கு விதித்த சுபாவம் என்றால், அவன் அதை ஏற்றுக்கொண்டு கடலோரமாகவே ஆடிக் கற்றுக்கொள்வான். பிழையென்றால், திருத்தம் வரும்வரை பொறுத்திருப்பான். இரண்டில் எது என்று தெரியாதவரை அவனால் இரண்டையும் செய்ய முடியவில்லை. ஒவ்வொரு பாத்திரமும் எங்கே வலுத்து எங்கே நலிந்திருக்க வேண்டுமென்று நீங்கள் கருதுகிறீர்கள் என்பதை இரண்டு வரியில் எழுதி வைத்தால் போதும்.

சொல்லோடு செயலும் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது. 'ஹார்த்ஸ்டோன்' சீட்டாட்டத்தில் ஒரு சீட்டை நலியச் செய்தால், அதைக் கலைத்துவிட விரும்புகிறவனுக்குக் குறிப்பிட்ட நாட்கள் வரை அதன் முழு விலையையும் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. நீ நம்பிச் செலவிட்டதை நாங்கள் மாற்றினோம், ஆகவே இழப்பு எங்களுடையது என்பதை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொல்லிவிட முடியாது. பயின்ற விரலுக்கு இப்படி விலை திருப்பித் தர முடியாதுதான். தரக்கூடிய இடத்திலாவது தரலாம்.

உங்கள் தரப்பில் என்ன சொல்வீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அளவுகோலை வெளியிட்டால் அதையே வைத்து ஆட்டக்காரர்கள் வழக்காடுவார்கள் என்பீர்கள். மெய்தான், ஆனால் இப்போதும் வழக்காடிக்கொண்டுதானே இருக்கிறார்கள், கையில் ஆதாரம் இல்லாததால் குரலை உயர்த்துகிறார்கள். எண்கள் எல்லாவற்றையும் பிடித்துவிடாது, கண்ணுக்குப் புலப்படும் சில குறைகள் எந்த விகிதத்திலும் அகப்படா என்பீர்கள், அதுவும் மெய். அப்படிப்பட்டவற்றுக்கு, இது அளவுக்குப் புறம்பான தீர்மானம், எங்கள் ரசனையால் செய்கிறோம் என்று எழுதிவிடுங்கள். ரசனையை ரசனையென்று ஒப்புக்கொள்பவனை ஜனங்கள் மன்னித்துவிடுவார்கள்; ரசனைக்கு நியாயத்தின் சட்டையைப் போட்டு அழைத்து வருபவனைத்தான் மன்னிப்பதில்லை. வாக்குக் கொடுத்துவிட்டு நிறைவேற்ற முடியாமற் போனால் என்ன செய்வது என்ற அச்சத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை; அது வாக்குக் கொடுக்கும் எல்லாருக்கும் உள்ள அச்சம்.

கடைசியாக ஒரு சிறு வேண்டுகோள். இந்த எண்ணை இன்ன நாளில் மறுபடி எடுத்துப் பார்ப்போம் என்று ஒவ்வொரு திருத்தத்துக்கும் நேரே ஒரு தேதி போடுங்கள். அந்த நாள் வந்து, மாற்றுவதற்கு ஒன்றுமில்லை என்று நீங்கள் தீர்மானித்தாலும், பார்த்தோம், அளவுக்குள் இருக்கிறது, அப்படியே விட்டுவிட்டோம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். நான் படித்த பட்டியல்களில் பெரும்பாலானவற்றில் மாற்றியவற்றின் விவரம் மட்டுமே இருக்கிறது. பார்த்துவிட்டு மாற்றாமல் விட்டவற்றைத் தெரிவிக்க உங்களுக்குப் புதிய இயந்திரமோ புதிய ஆளோ வேண்டியதில்லை, அடுத்த பட்டியலிலிருந்தே தொடங்கிவிடலாம்.

இங்ஙனம்,
உங்கள் பட்டியல்களின் வாசகன்